தைக்காத துணிகள்

சகோதரிகளே! உங்கள் பீரோவின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். கல்யாண வீடுகளில் கிடைத்த ரவிக்கைத் துண்டுகள், சென்ற பெருநாளுக்கு வாங்கித் தைக்காமலே விட்ட இரண்டரை மீட்டர் துணி, மகளின் எட்டு வயதுச் சட்டைக்கு வெட்டிய காகித அளவுகள்!

சொந்த உபயோகத்துக்குரிய துணிக்கு ஜகாத் இல்லை, உண்மையே. ஆயினும் ஸதகாவின் வாசல் அடைபடவில்லையே! மடிப்பிலேயே கிடந்தால் பட்டு இற்றுவிடும், பருத்தியில் பழுப்பேறும். பிறர் தந்தால் நாம் மனமுவந்து வாங்கமாட்டாத மட்டமானதைத் தருமத்திற்கெனப் பொறுக்கியெடுப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் தடுக்கின்றது. ஆகவே நன்றாயிருக்கும்போதே கொடுங்கள்.

கொடுப்பதற்கும் காலமுண்டு. பெருநாளுக்கு முந்திய இரவில் துணியை நீட்டினால் ஏழைக் குழந்தை காலையில் எதை உடுத்தும்? ரமளான் பாதியிலேயே பல தையற்காரர்கள் புதுத்துணி வாங்குவதை நிறுத்திவிடுகின்றனர். ஷஅபானிலேயே கொடுங்கள். தையற்கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். கூலியின்றித் தந்த துணி, பெற்றவர் வீட்டுப் பெட்டியிலும் தைக்காமலேதான் கிடக்கும்.

காகித அளவுகளைத் தையல் இயந்திரத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் சேர்ப்பியுங்கள். ஒவ்வொன்றின் மீதும் வயதையும் மார்பளவையும் எழுதிவிடுங்கள். (நூற்கண்டும் பொத்தானும் மட்டும் உங்களிடம் ஏன் தங்கவேண்டும்?)