வங்கிக் கடிதமும் மஹர் காப்பும்





பெண்களுக்கான வாராந்த வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போன பின்னர், ஒரு சகோதரி தன் சிறிய மகன் கையில் இரண்டு கடிதங்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்று அவர் எழுதியது. மற்றது வங்கி எழுதியது. வீடு கட்டுவதற்காக அவருடைய கணவர் வாங்கிய கடனுக்கு முதல் ஐந்து வருடங்கள் வட்டி வீதம் மாறாது என்பது ஒப்பந்தம். அந்த ஐந்து வருடமும் முடியப் போகிறது. இனிச் சந்தை வீதத்தின்படி தவணை கூடும் என்கிறது வங்கி. காப்புகளை விற்றுக் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். "அவை எனது மஹர். கொடுக்காவிட்டால் எனக்குக் குற்றமா?" என்று சகோதரி கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. மகளுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார் என்ற வழக்கம் உள்ள ஊர்களில் எத்தனையோ வாப்பாமார் இப்படித்தான் காணி உறுதியை வங்கியில் ஈடு வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். வீதம் மாறாமல் இருந்ததால் அது ஹலாலாக இருக்கவில்லை. குறைந்த வட்டியும் ரிபாதான், கூடிய வட்டியும் ரிபாதான். வட்டியை உண்பவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சி நிற்பவர்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பது முஸ்லிம் கிரந்தத்தில் வரும் ஹதீஸ். ஆகவே இந்தக் கடிதத்தை ஒரு சோதனையாக மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து வருடம் மறந்திருந்த கணக்கைத் திறந்து பார்த்து, வட்டியிலிருந்து வெளியேற வழி தேடுவதற்குக் கிடைத்த சந்தர்ப்பமாகவும் பாருங்கள்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம். 30 இலட்சம் ரூபா, 15 வருடம், 10 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 32,240 ரூபா. ஐந்து வருடத்தில் 19 இலட்சத்து 34 ஆயிரம் கட்டியிருப்பீர்கள். ஆனால் முதலில் குறைந்திருப்பது 5 இலட்சத்து 60 ஆயிரம்தான்! இன்னும் 24 இலட்சத்து 40 ஆயிரம் பாக்கி நிற்கிறது. இப்போது வீதம் 16 ஆனால் தவணை 40,865 ரூபாவாகிவிடும்.

"பழைய தவணையையே கட்டுகிறோம், காலத்தை மட்டும் நீட்டித் தாருங்கள்" என்று சிலர் கேட்பார்கள். இந்த உதாரணத்தில் அது நடக்காது. 24 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 32,500 ரூபாவைத் தாண்டும். பழைய தவணை வட்டிக்கே போதாது. ஆயுள் முழுக்கக் கட்டினாலும் முதலில் ஒரு சதம்கூடக் குறையாது.

வீதம் இவ்வளவு ஏறுமா என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிகள் தமது முதன்மை வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் சராசரி வீதம் 2021 முடிவில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தது. 2022 முடிவில் அது 25ஐயும் தாண்டியது.

இனிச் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து கடன் ஒப்பந்தத்தை வாசியுங்கள். பிறகு வங்கி முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: முதலில் பாக்கி எவ்வளவு? புதிய வீதம் எதனோடு சேர்ந்து மாறும்? எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாறும்? ஒரு தொகையை முதலில் கட்டிக் குறைக்கலாமா? முன்கூட்டியே முடித்தால் அபராதம் உண்டா? "இன்னும் சில வருடங்களுக்கு மாறாத வீதம் தருகிறோம்" என்றால் உடனே கையொப்பமிட்டுவிடாதீர்கள். அதுவும் புதியதொரு வட்டி ஒப்பந்தமே.

இரண்டாவது, வட்டியில்லா வழியை விசாரியுங்கள். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதோடு நம் நாட்டில் அதற்கு வழி பிறந்தது. 2011இல் அமானா வங்கி முழுமையான வட்டியில்லா வர்த்தக வங்கியாகத் தொடங்கியது. வேறு சில வங்கிகளிலும் இஸ்லாமியப் பிரிவுகள் உள்ளன. குறைந்து செல்லும் முஷாரகா என்ற முறையில் வீட்டில் வங்கியும் நீங்களும் பங்காளிகள். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிவிடுவீர்கள். ஈட்டில் இருக்கும் வீட்டை ஏற்பார்களா, வாடகை எப்படி மாறும், சட்டத்தரணி செலவும் மதிப்பீட்டுச் செலவும் எவ்வளவு, ஷரீஆ ஆலோசனைச் சபை அங்கீகரித்த ஒப்பந்தமா என்பதையெல்லாம் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

மூன்றாவது, முதலைக் குறையுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 5 இலட்சத்தை ஒரே தடவையில் கட்டினால், 16 சதவீதத்திலும் தவணை 32,500க்குக் கிட்டவே நிற்கும். அந்த 5 இலட்சம் எங்கிருந்து வரும்? ஓடாமல் நிற்கும் வாகனம், பயிரிடாத காணித் துண்டு, குடும்பத்தில் ஒருவர் தரும் கர்ழுன் ஹஸன், ஏலம் கூறாமல் குலுக்கிக் கொடுக்கும் சீட்டு என்று தேடுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டுவது மட்டும் வேண்டாம். அது ஒரு வட்டியை அடைக்க இன்னொரு வட்டியை வீட்டுக்கு அழைப்பது.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். கொடுக்காவிட்டால் உங்களுக்குக் குற்றமில்லை. மஹர் உங்கள் சொத்து. மனைவி மனம் விரும்பி விட்டுக் கொடுத்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம் என்பது சூரத்துன் நிஸாவின் 4ஆவது வசனத்தின் கருத்து. முகம் சுளித்தும், பேசாமல் இருந்தும், மாமியைக் கொண்டு சொல்லியும் வாங்குவது மனம் விரும்பிக் கொடுத்ததாகாது. வீடு கொடுப்பது கணவனின் கடமை. மனைவியின் காப்பில் ஏற்றும் கடமையல்ல.

கொடுக்க விரும்பினால் அதுவும் பெரிய நன்மை. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) அவர்கள் தம் கணவருக்குச் செலவு செய்யலாமா என்று கேட்டனுப்பியபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஆனால் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். அன்பளிப்பா, கடனா, வீட்டில் ஒரு பங்கா? கடன் என்றால் தொகையையும் திகதியையும் எழுதிச் சாட்சி வையுங்கள். கடனை எழுதச் சொல்லும் பகராவின் 282ஆவது வசனம் கணவன் மனைவிக்கு விலக்குச் சொல்லவில்லை. பங்கு என்றால் உறுதியில் உங்கள் பெயர் வரட்டும். நாளை ஒருவர் மௌத்தானாலும், பிரிவு வந்தாலும், அந்த எழுத்துத்தான் பேசும்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. கடிதத்தை மனைவியிடம் மறைக்காதீர்கள். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று சொல்லி, நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் பாதுகாப்புத் தேடினார்கள். அந்தப் பொய் முதலில் நுழைவது நம் வீட்டுக்குள்தான்.

அந்தச் சகோதரிக்கு இவ்வளவையும் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் மகன் பதில் கொண்டு வந்தான். கணவரும் அவரும் வங்கிக்குச் சேர்ந்தே போனார்களாம். காப்புகளைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் இப்போது அவர் கேட்பது என்னிடம் அனுமதி வாங்கித்தான் என்று எழுதியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ்! கடனின் பாரத்திலிருந்தும் வட்டியின் பாவத்திலிருந்தும் எங்கள் வீடுகளைக் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.