மாறிய மழை, மாறாத வடிகால்

புதுடெல்லி: 2024 ஜூன் 28 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தலைநகரின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மி.மீ. மழை பதிவானது. ஜூன் மாதம் முழுமைக்குமான சராசரியே 74.1 மி.மீ.தான். ஒரே நாளில் மும்மடங்கு கொட்டியதால் டெல்லி முடங்கியது. அன்று அந்நகரம் நம்பியிருந்த வடிகால் பெருந்திட்டம் 1976-இல் தீட்டப்பட்டது.

தூர் வாராததே காரணம் என்று ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கட்சிகள் ஒன்றையொன்று சாடுகின்றன. அது பாதி உண்மையே. ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. மழையைத் தாங்க வேண்டும் என்ற கணக்கைக் கொண்டே வடிகாலின் அளவு முடிவாகிறது. பழைய மழைப் பதிவுகளில் பிறந்த அந்தக் கணக்கு காலாவதியானால், எவ்வளவு தூர் வாரினாலும் பயன் குறைவே.

மும்பை இதற்குப் பாடம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பெய்தது, அதே நகரின் கொலாபாவில் 75 மி.மீ.கூட இல்லை. நகருக்கு ஓரிரு மழைமானிகள் போதா என்பது அன்று தெளிவாயிற்று. மணிக்கு 25 மி.மீ. மழைக்கென அமைந்த பழைய வடிகால்களை 50 மி.மீ.க்கு உயர்த்தும் பணி அதன் பின்னரே வேகம் பெற்றது. ஆயினும் அன்று சாந்தாகுரூஸில் ஒரு மணி நேரத்தில் மட்டும் பெய்தது 190 மி.மீ. எந்தக் குழாயும் அதனைத் தாங்காது. எஞ்சும் நீருக்கு ஏரிகளும் தாழ்நிலங்களும் வேண்டும். அவற்றைக் காப்பதும் திட்டத்தின் அங்கமே.

நகரங்களில் 4 சதுர கி.மீ.க்கு ஒரு தானியங்கி மழைமானி வேண்டும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இலேயே வழிகாட்டியது. ஆனால் வழிகாட்டுதல் சட்டமன்று. மழையை அளப்பது மத்திய அரசின் வானிலைத் துறை. வடிகால் கட்டுவது மாநகராட்சியும் மாநிலத் துறைகளும். முன்னதன் பதிவேடு பின்னவரின் வரைபடத்தை எட்டுவதற்கு உறுதியான ஏற்பாடு தேவை.

டெல்லிக்கான புதிய வடிகால் பெருந்திட்டம் 2025 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அதுவும் அரை நூற்றாண்டு திருத்தப்படாமல் கிடக்குமானால், 1976-இன் கதையே தொடரும். குறித்த கால இடைவெளியில் மழைக் கணக்கைத் திருத்தும் நகரங்களுக்கே மத்திய நிதி என்று நிபந்தனை விதிக்கலாம். எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளம் வரலாம், அது யார் வீட்டில் புகும் என்பது பொறியாளர் மட்டும் முடிவு செய்யும் விஷயமல்ல. மாமன்றத்தில் விவாதித்துத் தீர்மானிக்க வேண்டிய அரசியல் கேள்வி.