லட்டு நெய்க்கு விசாரணை, மழலையர் உணவுக்கு மௌனமா?

2024 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, முந்தைய ஆட்சிக் காலத்தில் திருமலை லட்டுக்கான நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்ததாகக் குற்றஞ்சாட்டினார். முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி அதை மறுத்தார். பல வாரங்களுக்குத் தொலைக்காட்சிகளில் வேறு செய்திக்கே இடமில்லை. மதவெறி சக்திகள் தமது பங்கிற்கு நெருப்பை ஊதின. அக்டோபர் 4 அன்று உச்சநீதிமன்றம் மத்திய புலனாய்வுத் துறை, மாநிலக் காவல்துறை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அதிகாரிகளைக் கொண்ட ஐவர் குழுவை அமைத்தது. கோடிக்கணக்கான மக்கள் நம்பிக்கையோடு உண்ணும் பொருளில் கலப்படம் நடந்ததா என்று விசாரிப்பதை எவரும் எதிர்க்க முடியாது. நமது கேள்வி வேறு. அதே திருப்பதியிலும் சித்தூரிலும் ஆறு மாதம் நிறைந்த குழந்தையின் வாய்க்குள் முதன்முதலாகச் செல்லும் உணவைப் பற்றி, அதே ஆண்டில், இந்தக் கட்சிகளும் ஊடகங்களும் என்ன பேசின?

பேசுவதற்குக் காரணம் இருந்தது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் விற்கும் செரிலாக் வகைகளில், ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக 2.7 கிராம் கூடுதல் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதை அது அம்பலப்படுத்தியது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அந்நிறுவனம் விற்ற அதே வயதுக்கான உணவில் கூடுதல் சர்க்கரை இல்லை. நெஸ்லே இந்தியா அளித்த விளக்கம், ஐந்து ஆண்டுகளில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்துவிட்டோம் என்பதே. சர்க்கரை சேர்ப்பதை அது மறுக்கவில்லை. அறிக்கை வந்து சில மாதங்களில், சுத்திகரிக்கப்பட்ட சர்க்கரை இல்லாத வகைகளைக் கொண்டுவருவதாக அறிவித்தது. அப்படியானால் சர்க்கரையின்றித் தயாரிப்பது முன்பே இயலாத காரியமாக இருந்ததில்லை. இந்தியக் குழந்தைக்கு ஒரு தரம், ஐரோப்பியக் குழந்தைக்கு வேறொரு தரம் என்று வைத்தது லாபக் கணக்குதான். அந்தக் கணக்குக்கு இடம் கொடுத்தது நமது உணவு விதிகள்.

இது புதிய கதையுமல்ல. தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மாவை ஏழை நாடுகளில் திணித்ததற்காக 1977 முதல் உலகெங்கும் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் நடந்தது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனை நெறிமுறையை நிறைவேற்றியபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் சட்டமும், அதை வலுப்படுத்திய 2003ஆம் ஆண்டுத் திருத்தமும், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளை விளம்பரம் செய்வதையே தடை செய்கின்றன. மருத்துவர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் பரிசோ சலுகையோ தருவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. சட்டம் இருக்கிறது; அதைக் கொண்டு நிறுவனங்களைத் தண்டிக்கும் துணிவு ஆட்சியாளர்களிடம் இல்லை.

குறை தாயின் அறியாமையா?

நிறுவனங்களிடம் மென்மையாக நடக்கும் அரசு, தாய்மார்களிடம் மட்டும் ஆசிரியராகிவிடுகிறது. 2018 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் ‘ஊட்டச்சத்து மாதம்’ எனக் கொண்டாடப்படுகிறது. கோலப் போட்டி, உறுதிமொழி, சமையல் செய்முறை. பொட்டலம் வாங்காதீர், வீட்டிலேயே செய்து ஊட்டுங்கள் என்று அதிகாரிகள் உபதேசிக்கிறார்கள்.

அறிவுரையில் பிழையில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே குழைந்த இணை உணவு. எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு முறை. கரண்டியில் நிற்கும் பதத்தில் கஞ்சி, பருப்பு, கீரை, முட்டை, பழம். சித்தூர் வட்டாரத்தில் இதற்கு வேண்டியவை மண்ணிலேயே விளைகின்றன. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. நிலக்கடலையும் பயறும் அருகிலேயே கிடைக்கும். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து, அரைத்துச் சலித்தால் அந்த மாவுக்கு ஒரு சிறப்பு உண்டு. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுப்பொருளை உடைப்பதால் கஞ்சி கெட்டியாவதில்லை. எனவே அதே அளவு நீரில் கூடுதல் மாவைச் சேர்க்கலாம். குழந்தையின் சிறு வயிற்றுக்குள் வெறும் நீருக்குப் பதில் சத்து செல்லும்.

இதைக் கிராமத்துப் பாட்டிமார்களுக்கு அதிகாரிகள் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிடக் காத்து, காயவைத்து, வறுத்து, அரைக்க எவருக்கு நேரம் இருக்கிறது? தயாரித்த பிறகும் ஒரு முறை பொறுமையாக ஊட்ட அரை மணி நேரமாவது ஆகும். நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறியைச் சார்ந்து வாழும் தாய், மாம்பழக் காலத்தில் சித்தூரின் கூழ் ஆலைகளில் நின்றபடி வேலை செய்யும் தாய், திருப்பதியின் விடுதி அறைகளைக் கழுவும் தாய், சத்தியவேடு பகுதியின் ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கு விடியுமுன் பேருந்து ஏறும் தாய் - இவர்கள் நாளுக்கு நான்கு முறை குழந்தையின் அருகில் அமர்வது எப்படி? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), நாட்டில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் சுமார் 11 சதவீதம்தான். ஆந்திராவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 31 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கின்றனர். ஐந்தாண்டு நிறையாத குழந்தைகளில் 63 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. பத்தில் ஒன்பது தாய்மார்களும் அறிவிலிகள் என்று சொல்ல எவருக்கும் துணிவிருக்காது. அவர்களிடம் இல்லாதது நேரமும் கூலியும்.

சட்டப் புத்தகமும் அடுப்படியும்

2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. அதில் 8 வாரம் வரை பிரசவத்திற்கு முன்பே எடுக்கலாம். அவ்வாறு எடுத்தவருக்குப் பின்னர் எஞ்சுவது 18 வாரம். அதாவது தாய்ப்பால் மட்டுமே தர வேண்டிய ஆறு மாதம் முடியுமுன்பே அவர் ஆலைக்குத் திரும்ப வேண்டும். இந்த விடுப்பும் முறைசார்ந்த வேலையில் உள்ளவர்களுக்குத்தான். விவசாயத் தொழிலாளிக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் ஒரு நாள்கூட இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை அங்கு சென்றுவரலாம் என்று அத்திருத்தம் கூறியது. ஒப்பந்ததாரர்களின் பெயரில் தொழிலாளர்களைச் சிதறடிக்கும் முதலாளிகளுக்கு இந்த எண்ணிக்கையை எட்டாமல் காட்டுவது கடினமா?

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்றது. மோடி அரசு 2017இல் கொண்டுவந்த திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று அதை வெட்டியது. அதே சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவை உரிமையாக்கியது. அதற்கு ஒன்றிய அரசு 2017இல் நிர்ணயித்த தொகை, குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். ஒரு முட்டை வாங்கினாலே இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 2019இல் பெருநிறுவன வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சரே அறிவித்தார். 2024-25இல் அங்கன்வாடி, ஊட்டச்சத்துத் திட்டத்திற்கு ஒதுக்கப்பட்டது 21,200 கோடி. இந்த அரசின் வர்க்க முகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு கணக்கு வேண்டுமா?

ஆந்திராவில் இந்த உணவு ‘பாலாமிர்தம்’ என்ற மாவாக வருகிறது. கோதுமை, கடலைப்பருப்பு, பால்மாவு, எண்ணெய், அதனுடன் சர்க்கரை. கேழ்வரகு விளையும் மண்ணின் குழந்தைக்குக் கோதுமையும் சர்க்கரையும்! நெஸ்லேயைச் சாடும் நாம் அரசின் பொட்டலத்தை மட்டும் விமர்சனத்திலிருந்து விடுவிக்க முடியாது. அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்ததாரர்களை ஈடுபடுத்தக் கூடாது, கிராமச் சமூகங்களையும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களையும் பயன்படுத்த வேண்டும் என்று 2004 அக்டோபர் 7 அன்றே உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவின் பொருளை ஆட்சியாளர்கள் மறந்துவிட்டார்கள்.

ஊட்டும் கைகள் மீது எஸ்மா

ஒரு தாய்க்கு இவை அனைத்திலும் துணை நிற்பவர் அங்கன்வாடி ஊழியர். எடை பார்ப்பதும், மாவு தருவதும், எப்போது எந்தப் பதத்தில் ஊட்டுவது என்று சொல்வதும் அவரே. அவருக்கு ஒன்றிய அரசு தரும் மதிப்பூதியம் 2018இல் அறிவித்த 4,500 ரூபாய். ஆந்திராவில் மாநிலப் பங்கும் சேர்ந்து ஊழியருக்கு 11,500, உதவியாளருக்கு 7,000 என்ற நிலையில், சிஐடியு உள்ளிட்ட சங்கங்களின் தலைமையில் 2023 டிசம்பர் 12 அன்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தெலங்கானாவைவிடக் கூடுதல் ஊதியம் தருவோம் என்ற வாக்குறுதியை நிறைவேற்று, 2022இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த பணிக்கொடையைக் கொடு என்பவையே முக்கியக் கோரிக்கைகள். ஜெகன் அரசின் பதில், 2024 ஜனவரி 6 அன்று பிறப்பிக்கப்பட்ட எஸ்மா. பணிநீக்க மிரட்டலும் கைதுகளும் தொடர்ந்தன. சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் உட்பட மாநிலமெங்கும் 42 நாட்கள் அந்தப் பெண்கள் உறுதியாக நின்றனர்.

ஊதிய உயர்வு கேட்டபோது அங்கன்வாடிப் பணி ‘அத்தியாவசியச் சேவை’ ஆகிவிட்டது. ஊதியம் நிர்ணயிக்கும்போது மட்டும் அது ‘கௌரவத் தொண்டு’. இந்த மோசடியை முதலாளித்துவக் கட்சிகள் அனைத்தும் சேர்ந்தே நடத்துகின்றன.

நமது மாற்று

வீட்டு உணவா, ஆலை உணவா என்ற சர்ச்சையில் நாம் சிக்க வேண்டியதில்லை. வீட்டு உணவின் பெருமை பேசி, அந்த உழைப்பு முழுவதையும் பெண்ணின் தலையில் கட்டுவது பிற்போக்கு. அவளது களைப்பைப் பயன்படுத்திச் சர்க்கரைப் பொட்டலம் விற்பது சுரண்டல். 1919இல் ‘மாபெரும் தொடக்கம்’ என்ற நூலில் லெனின், பொது உணவகங்களையும் மழலையர் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் தளிர்களுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். பெண்ணை அடுப்படியிலிருந்து விடுவிப்பது சமூகத்தின் கடமை என்பதே அதன் சாரம்.

இது கனவல்ல. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்களின் உற்பத்தி அலகுகள் ‘அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்’ மாவைத் தயாரித்து, அங்கன்வாடிகள் வழியே மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. அங்கும் கலவையில் சர்க்கரை உண்டு. அதை நீக்கக் கோருவோம். ஆனால் குழந்தையின் உணவு உள்ளூர்ப் பெண்களுக்கு வேலையாகவும் கூலியாகவும் மாறும் என்பதை அது மெய்ப்பித்துள்ளது. குப்பத்திலும் சத்தியவேட்டிலும் முளைகட்டிய கேழ்வரகைக் கொண்டு இதைச் செய்ய எது தடை?

எல்லையின் இருபுறமும் தமிழும் தெலுங்கும் பேசும் உழைப்பாளர்கள் ஒரே ஆலைகளில் வேலை செய்கிறார்கள். நமது கிளைகளும் மாதர் சங்கமும் தொழிற்சங்கங்களும் அவர்களிடம் இந்தக் கோரிக்கைகளை எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டு வயது வரையிலான குழந்தை உணவில் கூடுதல் சர்க்கரையைத் தடை செய்! 8 ரூபாய் ஒதுக்கீட்டை விலைவாசிக்கேற்ப உயர்த்து! உள்ளூர்த் தானியத்தில் பெண்கள் குழுக்கள் தயாரிக்கும் மாவையும் முட்டையையும் உறுதிசெய்! ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் காப்பகம் திற! அங்கன்வாடி ஊழியரை அரசு ஊழியராக்கு!

கோவில் பிரசாதத்தின் தூய்மைக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றவர்களிடம், மழலையின் முதல் கவளத்திற்கும் பதில் சொல்ல வைப்போம்.