பைத்தானுக்கு விகடகவி தெரியாது

கேம்பஸ் இன்டர்வியூவில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிற வேலையை மூன்று வருடம் செய்தேன். வந்தவர்களில் ஒரு பையன் மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. எங்க ஊர்ப்பக்கம்தான். திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் ஏதோ கிராமம் என்று பேச்சிலேயே தெரிந்தது. பாலிண்ட்ரோம் கேட்டேன், அதாவது ஒரு சொல்லைத் திருப்பிப் படித்தாலும் அதே சொல்தானா என்று பார்க்கும் புரோகிராம். இருபது நொடியில் பைத்தானில் ஒரே வரி எழுதி நீட்டினான். [::-1] போட்டுத் திருப்பி, பழையதோடு ஒப்பிட்டிருந்தான். சரி தம்பி, சொல்லுக்குப் பதிலா ஒரு வாக்கியம் குடுத்தா? நடுவுல இருக்குற ஸ்பேஸ் எல்லாம் கணக்குல வரக்கூடாது என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டான்.

“சார், இந்த மாடல் எங்களுக்குக் குடுக்கல.”

அவனை நான்தான் நிராகரித்தேன். ஒரு ரீப்ளேஸ் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அதற்கு அறிவு போதாமல் இல்லை. கேள்வியைத் தொடலாம் என்றே அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லாதவர்கள் யார் என்பதுதான் என் வழக்கு. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு விற்கிற ‘முக்கியமான நூறு புரோகிராம்கள்’ முதல் குற்றவாளி. அதையே நாற்பது நாள் வகுப்பாக்கி, அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகிற அளவு ஃபீஸ் வாங்குகிற பயிற்சி நிலையம் இரண்டாவது. இங்கே புதிர் என்று எதுவும் கிடையாது. கேள்வி மாடல், விடை மாடல், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு கோனார் நோட்ஸுக்கும் இதற்கும் அட்டை மட்டும்தான் வேறு.

பாடத்திட்டத்தைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறை, சிவில், மெக்கானிக்கல் உட்பட எல்லாப் பிரிவுக்கும் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வழியாகப் புதிர் தீர்ப்பதைப் பாடமாக வைத்தது. அடுக்கி வைத்த சீட்டுக்கட்டில் புதுச் சீட்டை எங்கே செருகுவது, மனசில் நினைத்த எண்ணை எப்படி ஊகிப்பது, ஹனோய் கோபுரம். லேபில் நியூட்டன் முறையில் வர்க்கமூலம், ஒரு கோப்பில் அதிகம் வரும் சொல் எது, பைகேமில் நீள்வட்டப் பாதையில் சுற்றும் கோள். இதை எழுதியவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது! அந்த ரசனை லேப் ரெக்கார்டுக்கு வந்து சேர்வதற்குள் செத்துப்போகிறது. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, கடைசியில் ‘வெற்றிகரமாக இயக்கப்பட்டது’ என்று முடிக்கிறோம். நானும் என் காலத்தில் சி மொழியில் அப்படித்தான் முடித்தேன். பாதி இயங்கியதே இல்லை.

அந்த இன்டர்வியூவுக்குப் பிறகு, ஊருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனத்திலிருந்து ரயில் ஏறி விழுப்புரம் போக ஆரம்பித்தேன். அக்கா வீட்டு மொட்டை மாடி, ஏழு பிள்ளைகள், மூன்று லேப்டாப். பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அதே பாலிண்ட்ரோம். அதே ஒரு வரி வந்தது. இப்ப இதுல ‘விகடகவி’ போடுங்க என்றேன்.

இல்லை என்றது பைத்தான்.

“அண்ணா, நான் தப்பா டைப் அடிச்சிட்டேன்” என்றாள் ஒரு பெண். அவள் சொன்னதை நான் அன்றே நோட்டில் எழுதி வைத்தேன். நாலாம் வகுப்பிலிருந்து அவளுக்குத் தெரிந்த விஷயம், விகடகவியைத் திருப்பினாலும் விகடகவி. அதற்கு எதிராக ஒரு மிஷின் பேசியதும் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

நடந்தது இதுதான். நமக்கு ‘வி’ ஒரு எழுத்து. யூனிகோடில் அது ‘வ’ ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு இடம். விகடகவி நமக்கு ஐந்து எழுத்து, பைத்தானுக்கு ஏழு. திருப்பினால் இகரக் குறி முன்னால் போய் அநாதையாக நிற்கிறது. திண்டிவனமும் விழுப்புரமும் நமக்குத் தலா ஆறு எழுத்து. பைத்தானின் லென் திண்டிவனத்துக்குப் 10 என்கிறது, விழுப்புரத்துக்கு 11 என்கிறது. ‘திண்டிவனம்’ முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று இஸ்ஆல்ஃபாவைக் கேட்டால் இல்லை என்று பதில். குறியும் புள்ளியும் அதற்கு எழுத்தே அல்ல. வரிசைப்படுத்தச் சொன்னால் இன்னும் வேடிக்கை. மலை, மழை, மறை, மனை என்பது நம் அகராதி வரிசை. அது தருவது மனை, மறை, மலை, மழை. தொல்காப்பியத்தின் முதல் நூற்பா னகரத்தைக் கடைசி எழுத்தாக வைக்கிறது. யூனிகோடு அட்டவணையில் அது நகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பைத்தான் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த இஸ்கியின் ஏற்பாட்டை யூனிகோடு எடுத்துக்கொண்டது, அதன் விளைவு இது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ் 16-ஐத் தமிழக அரசு 2010-இல் தரமாக அறிவித்தது. அன்றாடம் அதில் டைப் அடிக்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. அது வேறு சண்டை.

மாடியில் அன்று மூன்று மணி நேரம் ஆனது. யாரிடமும் மாடல் இல்லை. ஜெராக்ஸ் புத்தகத்தில் இல்லவே இல்லை. கடைசியில் ஒருத்தன் சொன்னான்: “குறி வந்தா அதைத் தனியா எண்ணாம முன்னாடி எழுத்தோட ஒட்டிடலாம்ணா.” பதினோரு உயிர்க்குறி, ஒரு புள்ளி, ஒரு லிஸ்ட், ஒரு ஃபார் லூப். பன்னிரண்டு வரிகூட வரவில்லை. விகடகவி தேறியது. உயிர்மெய் என்றால் என்ன என்பது அவன் தமிழ் மீடியத்தில் படித்தது. கல்லூரியில் அந்தத் தமிழ் மீடியத்துக்காகக் கடைசி பெஞ்சுக்குப் போனவன் அவன்.

இங்கே இரண்டு தரப்பு எழுந்து வரும். முதல் தரப்பு, இதற்கெல்லாம் ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்கிறதே என்கும். இருக்கிறது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் செய்த நல்ல வேலை, ஆபீஸில் நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் சமையல் கற்க வந்தவளிடம் ஹோட்டல் இருக்கிறதே என்பீர்களா? இரண்டாம் தரப்பு எங்கள் ஆட்கள், ஐடி சீனியர்கள். சின்னப் புதிரெல்லாம் காலாவதி, ஏஐ எழுதிவிடும் என்று மேடைக்கு மேடை சொல்கிறவர்கள். இவர்கள் எல்லாரும் அந்தச் சின்னப் புதிர் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள், வந்ததும் ஏணியை எட்டி உதைக்கிறார்கள். ஏஐ எழுதட்டும். அது எழுதியதைப் பார்த்து ‘விகடகவிக்கு இல்லைன்னு வருதே, எங்கேயோ தப்பு’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். தன்னையே சந்தேகப்படப் பழகிய பிள்ளையால் அதைச் சொல்ல முடியாது.

பிறகு ஒரு ஞாயிறு, திருஞானசம்பந்தரைக் கொண்டு போனேன். மூன்றாம் திருமுறையில் சீர்காழிக்குப் பாடிய திருமாலைமாற்று, பதினோரு பாட்டு. ஒவ்வொன்றும் கடைசி எழுத்திலிருந்து படித்தாலும் அதே பாட்டு. பொதுவாக ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். “எங்க திருவாமாத்தூருக்கும் அவர் பாடியிருக்கார்ணா” என்றான் ஒருவன், ஏதோ சொந்தக்காரர் மாதிரி. முதல் பாட்டை உள்ளே போட்டார்கள். இல்லை என்று வந்தது. போன வாரம் தேறிய புரோகிராம்! கொஞ்ச நேரம் முழித்துவிட்டு அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள். பதிப்பாசிரியர் படிக்க வசதியாகச் சொற்களைப் பிரித்து அச்சிட்டிருக்கிறார், வரியும் மடிகிறது. ஸ்பேஸை எடுத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு ரீப்ளேஸ் போட்டாள், வரிமுறிவுக்கு இன்னொன்று. தேறியது.

எனக்குச் சட்டென்று அந்தப் பையன் முகம் வந்தது. நான் அவனிடம் கேட்டதும் இதே கேள்விதான். ஆனால் கேள்வியோடு ஒரு பாட்டைக் கொடுக்கவில்லை, நேரம் கொடுக்கவில்லை, மொட்டை மாடி கொடுக்கவில்லை. பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர், பயிற்சி நிலையம் என்று வரிசைப்படுத்தினேன் இல்லையா, அதில் மூன்றாவது பெயர் என்னுடையது.

போன வாரம் ‘லக்ஷ்மி’ வந்து சிக்கியது. புரோகிராம் நான்கு எழுத்து என்கிறது. ‘க்ஷ’ ஒரே எழுத்து, அதனால் மூன்றுதான் என்று ஒரு கட்சி. க், ஷ் என்று இரண்டாகத்தானே சொல்கிறோம், நான்குதான் சரி என்று இன்னொரு கட்சி. வடமொழி எழுத்தையே எடுத்துடலாம்ணா என்று மூன்றாவதாக ஒருத்தன். தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள். ரெண்டு விதமாவும் எழுதி, ஏன்னு பக்கத்துல எழுதிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன். முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் பதினாறு மெசேஜ்.