பன்னீர்னு பேர் சொல்லிக் கேளுங்க

மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டுல தள்ளுவண்டிக்காரர்கிட்ட "திராட்சை என்ன விலை"ன்னு கேட்டா, அவர் திருப்பிக் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "பச்சையா, கருப்பா?" கருப்புன்னு சொல்லிட்டா கொட்டை இல்லாத நீளக் கருப்பும் அதுக்குள்ள அடக்கம், உருண்டையா ஊதா நிறத்துல இருக்கிற பன்னீரும் அதுக்குள்ள அடக்கம். ஜூஸ் கடையில அந்த வித்தியாசமும் போச்சு. போர்டுல "கிரேப்"னு எழுதியிருக்கும், அவ்வளவுதான். நீங்க குடிக்கிறது பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை. அந்தப் பேரு மட்டும் டம்ளர் வரைக்கும் வர்றதில்லை.

படப்பை பக்கம் நெல்லும் கத்திரி, வெண்டையும் போடுறவனுக்கு திராட்சையைப் பத்தி என்ன பேச்சுன்னு நீங்க நினைக்கலாம். என் பொண்ணைக் கொடுத்திருக்கிறது சின்னமனூர் பக்கம். சம்பந்தி வீட்டுல ஒண்ணரை ஏக்கர் பந்தல், முழுக்கப் பன்னீர். போன தடவை போனப்போ அவர் சொன்னார்: "சம்பந்தி, அடுத்த கவாத்தோட இதை எடுத்துட்டு வாழை வச்சிடலாமான்னு பார்க்கிறேன்." அதைக் கேட்டதுலேர்ந்து மனசு கேட்கலை. அதனாலதான் இதை எழுதறேன்.

பன்னீர் சாதாரணப் பழம் இல்லைங்க. உலகத்துல இதுக்குப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார்னு சொல்றாங்க. கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம்னு அந்தப் பள்ளத்தாக்குல ஏறக்குறைய 2,000 ஏக்கர்ல விளையுது. தமிழ்நாட்டுப் பன்னீர்ல நூத்துக்கு 85 பங்கு அங்கேர்ந்துதான் வருது. மத்த இடங்கள்ல ஜனவரியில ஆரம்பிச்சு ஏப்ரலோட அறுவடை முடிஞ்சிடும். இங்கே மேற்குத் தொடர்ச்சி மலையோட குளிர்ச்சியும் மண்ணும் சேர்ந்து, ஒரு தோட்டம் விட்டு ஒரு தோட்டம்னு வருஷம் பூரா வெட்டு நடக்குது. 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சுது.

இவ்வளவு இருந்தும் சம்பந்தி ஏன் வாழை பக்கம் பார்க்கிறார்? தோல் மெலிசு, கொட்டை உண்டு, ரொம்ப நாள் தாங்காது. 500 கிலோமீட்டர் லாரியில வந்து கோயம்பேட்டுல இறங்குறப்போ பாதி வாட்டம் கண்டிருக்கும். மகாராஷ்டிராவுலேர்ந்து கொட்டையில்லாத திராட்சை இறங்குற மாசங்கள்ல இதை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. கொட்டையில்லாததோட பக்கத்துல வச்சு, அதோட அளவுகோலால அளந்தா பன்னீர் தோத்துத்தான் போகும். அதோட வாசனையை வச்சு அளந்து பாருங்க, கதையே வேற.

இந்த இடத்துல சிலி நாட்டுக் கதை ஒண்ணு சொல்லணும். என் தங்கச்சி பையன் பெருங்களத்தூர்ல இருக்கான், சிறுசேரியில கம்ப்யூட்டர் வேலை. ஒயின்னா அவனுக்கு ஒரு கிறுக்கு. அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். பிரான்ஸ்ல போர்தோ பக்கம் கார்மெனேர்னு ஒரு திராட்சை இருந்துது. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில வேரைத் தின்னுற பூச்சி ஒண்ணு வந்து ஐரோப்பாத் தோட்டங்களையே அழிச்சப்போ இதுவும் போச்சு. திரும்ப நட்டவங்க இதைச் சீந்தலை. ஆனா பூச்சி வர்றதுக்கு முன்னாடியே சிலி நாட்டுக்காரங்க அங்கேர்ந்து கொடித்துண்டு கொண்டு போயிருந்தாங்க. அங்கே அது மெர்லோங்கிற வேற ரகத்தோட கலந்து, மெர்லோங்கிற பேர்லயே வளர்ந்துது. 1994ல ழான்-மிஷல் பூர்சிக்கோன்னு ஒரு பிரெஞ்சு நிபுணர் தோட்டத்துல நடந்து பார்த்துட்டு, இது மெர்லோ இல்லை, கார்மெனேர்னு அடையாளம் சொன்னார்.

நூறு வருஷத்துக்கு மேல ஒரு செடி அடுத்தவன் பேர்ல வாழ்ந்திருக்கு பாருங்க. விஷயம் அதோட முடியலை. கார்மெனேர் மெர்லோவை விட வாரக்கணக்குல தாமதமாப் பழுக்கிற ரகம். ரெண்டையும் ஒரே நாள்ல வெட்டினதால இது அரைக்காயாப் போய், ஒயின்ல பச்சை மிளகாய் வாசனை அடிச்சிருக்கு. பேரு தெரிஞ்ச பிறகு தனியா நிறுத்தி, முழுசாப் பழுக்க விட்டு வெட்டினாங்க. இன்னிக்கு சிலி ஒயின்னாலே முதல்ல சொல்ற பேர்ல அது ஒண்ணு. பேரு சரியானதும் பக்குவமும் சரியாச்சு. எந்த விவசாயியும் இதைச் சட்டுனு புரிஞ்சுக்குவான்.

நம்ம பன்னீருக்கே வெளியூர்ல இப்படி ஒரு மரியாதை உண்டு. கலிஃபோர்னியாவுல குவேடிங்கிற ஆலை இதே பழத்துல இனிப்பு ஒயின் போட்டு, பிளாக் மஸ்கட்னு ரகத்தோட பேரை பாட்டில்லயே எழுதி விக்குது. சீனாவுல தியான்ஜின் நகரத்துல 1980ல பிரெஞ்சு ரெமி மார்ட்டின் கம்பெனி கூட்டு சேர்ந்து டைனஸ்டின்னு ஒயின் ஆலை தொடங்கினப்போ, அங்கே விளைஞ்ச இந்தத் திராட்சையை வச்சுத்தான் வெள்ளை ஒயின் போட்டாங்க. சீனாக்காரங்க இதுக்கு வச்ச பேருக்கு அர்த்தம் "ரோஜா வாசம்". நம்ம நாட்டுலயே இன்னொரு பேரு "குலாபி". நம்ம ஊர்ல "பன்னீர்". மூணு பேருலயும் அதே ரோஜாவைத்தான் மோந்திருக்காங்க.

அப்போ ஒரு ரகம் எப்படி மேல வருது? நல்ல பழமா இருந்தா தானா வந்துடும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. செய்யிறவன் பேரை எழுதணும், வாங்குறவன் பேரைச் சொல்லிக் கேட்கணும். ரெண்டும் நடக்கணும்.

நாசிக்கைப் பாருங்க. சாப்பாட்டுத் திராட்சை விளையிற ஊரு அது. 1990கள் கடைசியில ராஜீவ் சமந்த் அங்கே செனின் பிளாங்க், சாவிஞோன் பிளாங்க்னு நம்ம வாயில நுழையாத ரகங்களை நட்டார். சூலா ஒயின் 2000ல வெளிய வந்துது. மறு வருஷமே மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தலுக்குத் தனிக் கொள்கை போட்டுது. தோட்டத்துக்கே ஆளை வரவழைச்சு, உட்கார வச்சு, ருசி காட்டி, பேரையும் சொல்லிக் கொடுத்தாங்க. இன்னிக்கு என் தங்கச்சி பையன் "செனின் பிளாங்க் இருக்கா"ன்னு கேட்கிறான். கம்பம் பன்னீர்ல ஒயின் இருக்கான்னு இதுவரைக்கும் கேட்டதில்லை. அவனைக் குத்தம் சொல்லலை, அவனுக்கு யாரும் சொல்லித் தரலை.

குறியீடு மட்டும் போதாதுங்கிறதுக்கு பெங்களூர் நீலத் திராட்சையே சாட்சி. அதுக்கு 2013லயே புவிசார் குறியீடு வந்துடுச்சு. ஜூஸ், ஜாம், மலிவான இனிப்பு ஒயின்னு போகுது, ஆனா பழத்தோட பேரைச் சொல்லி பாட்டில் வாங்குற ஆளை நான் பார்த்ததில்லை. குறியீடுங்கிறது பட்டா மாதிரி. நிலம் உன்னுதுன்னு சொல்லும், பயிர் விலைக்குப் போகும்னு சொல்லாது.

நம்ம பக்கத்துல இந்தப் பழத்தைப் பேர் சொல்லிக் கேட்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு, பலருக்குத் தெரியாது. பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் ரயில்வே குடியிருப்பு பக்கமெல்லாம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வீட்டுலயே ஒயின் ஊறப் போடுவாங்க. பீங்கான் ஜாடியில பழத்தை மசிச்சு, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு துணி கட்டி வச்சிடுவாங்க. நான் சைக்கிள்ல கீரை போட்ட காலத்துல ஒரு ஆன்ட்டி நவம்பர் பொறந்தா வாசல்லயே நிறுத்திடுவாங்க. "மார்க்கெட்ல பன்னீர் வந்துச்சா மேன்? சீட்லெஸ் கொண்டு வந்தே, திருப்பி அனுப்பிடுவேன்." கொட்டையில்லாததுல நிறமும் வராது, மணமும் வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். ருசி தெரிஞ்ச நாக்குக்கு விளம்பரம் வேண்டியதில்லை. அந்த ஆன்ட்டி மாதிரி ஆளுங்க இருக்கிறவரைக்கும் வியாபாரி பன்னீரைத் தனியா எடுத்து வச்சார்.

நெல்லுல இதை நானே அனுபவிச்சிருக்கேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல ரெண்டே பேருதான்: சன்ன ரகம், பொது ரகம். திராட்சை வண்டியில பச்சையா கருப்பா மாதிரி. அரை ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பா போட்ட முதல் வருஷம் ஒரு வியாபாரி கையில எடுத்துப் பார்த்துட்டு "மோட்டா"ன்னு சொல்லி, மோட்டா விலையே போட்டார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்துல நெல் ஜெயராமன் ஐயா 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பி வாங்கி, நூத்துக்கும் மேல ரகங்களைக் காப்பாத்தி வச்சார். 2018ல அவர் போயிட்டார். அவர் காப்பாத்தின பேரை சேலையூர், மேடவாக்கம் அடுக்குமாடிக்காரங்க கடையில வாய்விட்டுக் கேட்க ஆரம்பிச்ச பிறகுதான் எனக்கு விலை வந்துது. ஒரு ஆபத்தும் கூடவே வந்துது, அதையும் சொல்லணும். எல்லாரும் கருப்புக் கவுனின்னு ஒரே பேரைப் பிடிச்சுக்கிட்டாங்க. பூங்கார் வச்சிருக்கிறவனைக் கேட்பாரில்லை. பேரு பிரபலமானா போலியும் வரும்.

மதுவைப் பத்திப் பேசறேன்னு யாரும் கோவிச்சுக்க வேண்டாம். குடிங்கன்னு நான் சொல்லலை, எனக்கு அந்தப் பழக்கமும் இல்லை. ஆனா 2003லேர்ந்து தமிழ்நாட்டுல சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில இருக்கு. கம்பிக்கு வெளிய நின்னு காசை நீட்டி வாங்குற இடத்துல எந்த ஊர் பழம், என்ன ரகம்னு யார் கேட்பாங்க? பதில் சொல்லத்தான் யார் இருக்காங்க? ஆனைமலையன்பட்டியில வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் திராட்சைக்குன்னே ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மலை பார்க்க, சுருளி அருவி பார்க்க வண்டி வண்டியா ஜனம் போகுது. சின்ன விவசாயிங்க நாலு பேர் சேர்ந்து பழரசமோ ஒயினோ போட்டு, "கம்பம் பன்னீர்"னு ஊர் பேரோட எழுதி, அங்கேயே விக்கிறதுக்கு அரசாங்கம் வழி பண்ணணும். மகாராஷ்டிராவும் கர்நாடகாவும் ஒயினுக்குத் தனிக் கொள்கை போட்டு வருஷங்கள் ஆச்சு.

அது நடக்கிறப்போ நடக்கட்டும். உங்களால நாளைக்கே ஆகுறது ஒண்ணு இருக்கு. வண்டிக்காரர்கிட்ட "கருப்பு கொடுங்க"ன்னு சொல்லாம "பன்னீர் இருக்கா"ன்னு கேளுங்க. இல்லைன்னா எப்ப வரும்னு கேளுங்க. ஜூஸ் கடையில "பன்னீர் ஜூஸ்"னு சொல்லுங்க. முதல் நாள் முழிப்பாங்க, பத்துப் பேர் கேட்டா போர்டை மாத்துவாங்க. கொட்டையைத் துப்பச் சோம்பல் பட்டு குழந்தைகளுக்குக் கொட்டையில்லாததையே பழக்காதீங்க. சம்பந்தி இன்னும் முடிவு பண்ணலை. கவாத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்காம்.