நேர்க்கை பிளேயர் மோகம்

சகோதரர்களே, நேராக நகரும் கையுள்ள பிளேயர்தான் ரெக்கோட்டைக் காக்கும் என்று சொல்லிப் பழைய சாமானைத் தலையில் கட்டுகிறார்கள். பாதி உண்மை. ரெக்கோட்டை வெட்டும் ஊசி நேர்கோட்டில்தான் போகும். அச்சில் சுழலும் கை வில்லாக வளையும்.

ஆனால் பிழை எவ்வளவு? லோஃப்கிரென் 1938இலேயே கணக்குப் போட்டுவிட்டார். தலையைச் சற்றுத் திருப்பி, ஊசி நடு ஆணியைக் கொஞ்சம் தாண்டும்படி கையை நீட்டினால், 9 அங்குலக் கையில் சுமார் 2 பாகைதான். இரண்டு இடங்களில் பூச்சியம்!

1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-10 அழகுதான், மறுக்கவில்லை. அதிலும் கை சற்று விலகிய பிறகே மோட்டர் திருத்தும். நாற்பது வருடப் பழைய மோட்டரும் சர்க்கிட்டும் பழுதானால் நம்மூரில் யார் திருத்துவது? அந்தக் காசில் நல்ல ஊசி வாங்குங்கள். வாப்பாமார் வைத்துப்போன நாகூர் ஹனீபா ரெக்கோட்டுகளைத் தேய்ந்த ஊசிதான் அரிக்கிறது.