வீடு யாருடையது, பொறுப்பு யாருடையது?

 

2017 ஆம் ஆண்டு ரமளான் மாதம். ஜூன் 14 ஆம் நாள் பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மேற்கு இலண்டனில் கென்சிங்டன் பகுதியில் உள்ள கிரென்ஃபெல் டவர் என்னும் 24 மாடிக் குடியிருப்பின் நான்காம் மாடி வீடொன்றில், குளிர்பதனப் பெட்டியிலிருந்து தீ மூண்டது. கோடைக்காலத்தில் அங்கே இரவு மிகக் குறுகியது. தராவீஹ் முடித்து வந்தவர்கள் ஸஹருக்காக உறங்காமல் விழித்திருந்தனர். அவர்களுள் பலர் அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பியதால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆயினும் 72 உயிர்கள் பறிபோயின. இறந்தோரில் முஸ்லிம் குடும்பத்தினர் பலர்.

இத்துயரச் செய்தியை வாசகர்கள் அன்றே படித்திருப்பார்கள். அதன் பின்னர் சட்டம் என்ன செய்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இலண்டனில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும், அங்கே வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் உறவினர்களும் நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கின்றனர். ஆகவே இம்மாதம் அதனையே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் கென்சிங்டன் - செல்சி மாநகரக் கவுன்சில். அதனைப் பராமரித்து வந்ததோ கவுன்சிலுக்காக இயங்கிய தனி நிர்வாக அமைப்பு. குடியிருப்போர் குறைகளைச் சொல்லிக்கொண்டேயிருந்தனர். பேராபத்து ஒன்று நேர்ந்தால்தான் நிர்வாகம் விழிக்கும் என்று, தீ விபத்துக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே குடியிருப்போர் குழுவொன்று எழுதி வெளியிட்டது. உரிமையாளர் ஒருவர், நிர்வாகி மற்றொருவர் என்றிருக்கும் இடத்தில், ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர் எண்ணிவிடுவது நம் ஊரிலும் பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் நாம் காண்பதுதான். அங்கே அது 24 மாடி அளவில் நடந்தது.

சுவரின் வெளிப்புறத்தில் அழகுக்காகவும் குளிர் தாங்குவதற்காகவும் பொருத்தப்பட்ட தகடுகளின் உள்ளீடு எளிதில் தீப்பற்றக்கூடிய பாலிஎத்திலீன். சன்னல் வழியே வெளிவந்த தீ, அத்தகடுகளைப் பற்றி இருபது நிமிடங்களுக்குள் கூரையை எட்டிவிட்டது. இதைப் பற்றி உலகமே பேசிற்று. நான் சொல்ல விரும்புவது அதைவிடச் சிறிய பொருளைப் பற்றி. அது கதவு.

இத்தகைய அடுக்கு மாடிகளில் ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி போலக் கட்டப்படுகிறது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அது அவ்வீட்டுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். மற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே இருக்கலாம் என்பது கணக்கு. கணக்கு பலிக்க வேண்டுமானால் வாயிற்கதவு தீயைக் குறைந்தது அரை மணி நேரம் தாங்க வேண்டும். திறந்து விட்டால் தானாகவே மூடிக்கொள்ளவும் வேண்டும். உயிர் தப்ப ஓடுகிறவன் திரும்பி நின்று கதவைச் சாத்துவானா? சாத்தமாட்டான். அதனால்தான் கதவின் மேற்புறத்தில் கை போன்றதொரு கருவியைப் பொருத்துகிறார்கள். கிரென்ஃபெல்லில் பல வீடுகளில் அக்கருவி இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. திறந்தே கிடந்த கதவுகளின் வழியாகப் புகை பொதுக்கூடங்களை நிரப்பிற்று. படிக்கட்டுக்குச் செல்லும் வழி அதுவே. உள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மாற்றப்படவே இல்லை.

இதில் வேதனை என்னவெனில், அதே நிர்வாகத்தின் கீழிருந்த அடேர் டவர் என்ற கட்டடத்தில் 2015 அக்டோபரில் தீ விபத்து நேர்ந்தபோதே, கதவு மூடும் கருவிகளைப் பொருத்துமாறு தீயணைப்புத் துறை சட்டப்படி அறிவிக்கை கொடுத்திருந்தது. மற்றக் கட்டடங்களுக்கும் அவற்றைப் பொருத்த வேண்டும் என்று எண்ணி, அதற்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டார்கள். கதவு மூடும் கருவிக்கு ஐந்தாண்டு! நீதிபதி சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவந்தது. அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவையே என்று அவர் கூறினார்.

இங்கிலாந்தில் சட்டமே இல்லாமலிருந்தது என்று எண்ண வேண்டாம். 2005 ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணை, பொது இடங்களுக்குப் ‘பொறுப்பாளர்’ ஒருவர் இருக்க வேண்டும் என்றும், அவர் தீ அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்றும் முன்பே சொல்லியிருந்தது. வெளிச்சுவரும் வீட்டு வாயிற்கதவும் அதில் அடங்குமா என்பதில்தான் வழக்கறிஞர்களின் வாதம் நடந்தது. 2021 ஆம் ஆண்டுச் சட்டம், ‘அடங்கும்’ என்று தெளிவாக்கிவிட்டது. 2023 ஜனவரி 23 முதல், 11 மீட்டருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளில் பொதுவழிக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு வீட்டின் வாயிற்கதவையும் ஆண்டுக்கு ஒருமுறையும் சோதித்தாக வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் முதல், அபாய மதிப்பீட்டை முழுமையாக எழுதி வைக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் பொறுப்பாளர்கள் பலர் இருந்தால், ஒருவரையொருவர் அடையாளம் கண்டு எவர் எதற்குப் பொறுப்பு என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். நிர்வாகியை நியமித்துவிட்டேன், இனி எனக்கென்ன என்று உரிமையாளர் கைகழுவ முடியாது. மீறினால் வரம்பற்ற அபராதம். ஈராண்டு வரை சிறையும் உண்டு.

சிறிய வீட்டை வாடகைக்கு விடுபவருக்கும் கடமைகள் உள்ளன. மக்கள் வாழும் ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும்; குடிபுகும் நாளன்று அது ஒலிக்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும். பழுதென்று குடியிருப்பவர் சொன்னால் சரிசெய்ய வேண்டும். எரிவாயுக் கருவிகளை ஆண்டுதோறும், மின் இணைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் தகுதி பெற்றவரைக் கொண்டு பரிசோதித்துச் சான்றின் படியைக் குடியிருப்பவரிடம் தர வேண்டும். உறவினரல்லாத ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே சமையலறையைப் பகிர்ந்து தங்கும் வீட்டுக்குக் கவுன்சிலின் உரிமம் வேண்டும். சில கவுன்சில்களில் மூவருக்கே உரிமம் தேவை.

இந்த உரிமம் வெறும் காகிதம் என்று நினைப்போருக்கு 2023 மார்ச்சில் கிழக்கு இலண்டன் ஷாட்வெல்லில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூவருக்கு மட்டுமே உரிமம் பெற்ற சிறு ஃபிளாட்டில் பதினைந்துக்கும் மேற்பட்ட வங்காளதேசத்து ஆண்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்தனர். மின்சைக்கிளின் லித்தியம் பேட்டரியிலிருந்து கிளம்பிய தீயில் அவர்களுள் ஒருவர் மாண்டார். வீட்டை விட்டிருந்தோர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தொகை செலுத்தினர். குறைந்த வாடகைக்குப் படுக்கை தருவது உபகாரம் என்று சொல்லிக்கொள்வோர் உண்டு. பலருடைய வாடகை சேர்ந்தால் அது எவ்வளவு வருமானம் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பிள்ளை அங்கே அறை தேடுகிறான் என்றால், வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இந்த வீட்டுக்கு எத்தனை பேருக்கு உரிமம் உள்ளது? எரிவாயுச் சான்று எங்கே? விடை தராத வீட்டை விட்டுவிடலாம். ஏற்கெனவே குடியேறிவிட்டவன், குறை இருந்தால் வீட்டுக்காரருக்கு வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதி அனுப்பி, அதன் படியை வைத்துக்கொள்ளட்டும். திருத்தாவிட்டால் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவில் முறையிடலாம்.

அடுக்குமாடியில் இருப்பவனாயின், இன்றே தன் வாயிற்கதவை முழுவதும் திறந்து கையை விட்டுப் பார்க்கட்டும். கதவு தானாக வந்து நிலையில் பொருந்தி, தாழ் விழுந்து மூடிக்கொள்கிறதா என்று.